வழக்கு வந்தால் யார் சொத்து போகும்? புரொப்ரைட்டர்ஷிப், பார்ட்னர்ஷிப், எல்எல்பி, பிரைவேட் லிமிடெட்: ஓர் ஒப்பீடு

“தொழிலைப் பிரைவேட் லிமிடெட்டாகப் பதியலாமா, எல்எல்பி போதுமா, இப்போதைக்கு புரொப்ரைட்டராகவே ஓட்டலாமா?” (ஒரே ஆள் தனியாக நடத்தும் தொழில் புரொப்ரைட்டர்ஷிப்; கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டாண்மை எல்எல்பி.) இப்படிக் கேட்பவர்களில் பலருக்கு மனதில் ஓடுவது வேறு ஒரு கேள்வி. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் என் வீடு தப்புமா? வரி, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

“லிமிடெட் என்று போட்டுவிட்டால் சொந்தச் சொத்தைத் தொட முடியாது” என்பதுதான் பரவலாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. சில வகை வழக்குகளை அந்தப் பதிவு உண்மையிலேயே தடுத்து நிறுத்தும். சிலவற்றை அது தடுக்கவே தடுக்காது, கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. அதனால் எந்த வடிவம் நல்லது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் தொழிலில் வழக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் தானாகத் தீரும். இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி.

## எதை வைத்து அளக்கப் போகிறோம்

வழக்கு ஐந்து பக்கமிருந்து வரலாம்.

கொடுக்கல் வாங்கல். சரக்கு வாங்கிப் பணம் தராதது, ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காதது, வாடகை பாக்கி. தொழிலில் சாதாரணமாக வரும் வழக்கு இது.

விபத்தும் குறைபாடும். கல்யாணச் சாப்பாடு விஷமாகி ஐம்பது பேர் ஆஸ்பத்திரியில் சேர்வது, சாரம் சரிந்து தொழிலாளி அடிபடுவது, விற்ற சார்ஜர் வெடிப்பது. இதில் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கூட்டாளி செய்தது. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பார்ட்னர் வாங்கிய கடன், கொடுத்த வாக்கு, செய்த தவறு.

நீங்களே கையெழுத்துப் போட்டது. வங்கிக்குக் கொடுத்த பெர்சனல் கியாரண்டி (சொந்த ஜாமீன்), சப்ளையருக்குக் கொடுத்த செக்.

அரசு பாக்கி. வருமான வரி, ஜிஎஸ்டி, பி.எஃப்.

இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கு எப்போதும் உங்கள் மேல்தான் வரும் என்றில்லை. பணம் வராவிட்டால் உங்களால் வழக்குப் போட முடியுமா? அப்புறம், அந்த வடிவத்தை வருடா வருடம் சட்டப்படி உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும்?

## எந்த வடிவமும் காப்பாற்றாத இடங்கள்

ஒப்பீட்டுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கம்பெனி வேறு, முதலாளி வேறு என்ற கொள்கை பழையது. லண்டனில் ஷூ தயாரித்த ஆரன் சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். கம்பெனி நொடித்தபோது, அதன் கடனுக்கு அவர் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பில்லை என்று 1897-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியக் கம்பெனிச் சட்டமும் அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கொள்கை காப்பாற்றுவது கம்பெனி பட்ட கடனிலிருந்து மட்டும்தான். நீங்கள் தனியாக ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலாவது வங்கி. சிறு கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது இயக்குநர்களிடம் பெர்சனல் கியாரண்டி வாங்காமல் விடுவது அரிது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கம்பெனியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. வீட்டை அடமானமாகவும் வைத்திருந்தால் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி அதைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கலாம். கம்பெனி திவால் சட்டத்துக்குள் போய் அதன் கடன் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டால் ஜாமீன்தாரர் தானாக விடுபடுகிறாரா? இல்லை என்று 2021-ல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது செக். இது கிரிமினல் விஷயம். செக் பவுன்ஸானால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி செக் என்றால் 141-வது பிரிவு வருகிறது: அந்த நேரத்தில் கம்பெனியின் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். பார்ட்னர்ஷிப்புக்கும் எல்எல்பிக்கும் இது அப்படியே பொருந்தும். நிர்வாக இயக்குநரும் செக்கில் கையெழுத்துப் போட்டவரும் எளிதில் தப்ப முடியாது. மற்ற இயக்குநர்கள் மேல் வழக்கு நிற்க வேண்டுமானால், அவர்கள் நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தார்கள் என்று புகாரிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2005-ல் எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு இயக்குநர் வேண்டுமே என்று மனைவியையோ வயதான அம்மாவையோ பேருக்கு இயக்குநராகப் போடுகிறோம். செக் பவுன்ஸ் புகார் கொடுப்பவர் பெரும்பாலும் எல்லா இயக்குநர்கள் பெயரையும் சேர்த்தே கொடுப்பார். “எனக்கு ஒன்றுமே தெரியாது” என்பது கடைசியில் எடுபடலாம். அதுவரை சம்மன் வாங்குவதும், வக்கீல் வைப்பதும், வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போவதும் அவர்கள்தான். ஆபீஸ் பக்கமே வராத ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளுவது நியாயமில்லை. கம்பெனி விவரம் புரிந்து, கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடியவரை மட்டும் இயக்குநராகப் போடுங்கள். பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வரி. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வருமான வரியை வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் இயக்குநர்களாக இருந்தவர்களிடம் வசூலிக்கலாம். தன் பக்கம் பெரிய அலட்சியமோ முறைகேடோ கடமை தவறுதலோ இல்லை என்று இயக்குநர்தான் நிரூபிக்க வேண்டும். ஜிஎஸ்டியிலும் 89-வது பிரிவில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கிறது. எல்எல்பி கூட்டாளிகளுக்கும் வருமான வரிச் சட்டம் இதே மாதிரிப் பொறுப்பை வைத்திருக்கிறது. ஆக, சப்ளையரைச் சமாதானப்படுத்த ஜிஎஸ்டி பணத்தை எடுத்துச் செலவழிப்பது தலைகீழான கணக்கு. சப்ளையர் பாக்கி கம்பெனியோடு நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. வரி பாக்கி உங்களைத் தேடி வரும்.

கடைசியாக, உங்கள் கையால் நடந்த தவறு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் தப்பு செய்த இன்ஜினீயர், எந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் தன் அலட்சியத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். மோசடிக்கும் அப்படித்தான்.

இவை போக மிச்சமிருப்பது கொடுக்கல் வாங்கல் கடன், ஊழியர் அல்லது கூட்டாளி செய்த தவறு, நீங்கள் நேரடியாகத் தொடாத விபத்துகள். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த மிச்சத்துக்காகத்தான். அது சின்ன மிச்சமில்லை.

## புரொப்ரைட்டர்ஷிப்

இதில் தடுப்பு என்று எதுவுமே இல்லை. கடைக்கு ஒரு பெயர், ஜிஎஸ்டி எண், கரன்ட் அக்கவுன்ட் எல்லாம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கடை நீங்கள்தான். டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆனால் உங்கள் வீடு, மனை, டெபாசிட் எல்லாவற்றையும் ஜப்தி செய்யலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சிலவற்றை விட்டுவைக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர் மாடு போன்றவை. வியாபாரியின் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் இருப்பதால், இன்று சொத்தில்லை என்பதாலும் நிம்மதி கிடையாது. புரொப்ரைட்டர் இறந்துபோனால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு வாரிசுகள் மேல் அந்தக் கடன் தொடரும்.

இப்படியிருந்தும் இது நல்ல தேர்வாக இருக்கும் சூழல் உண்டு. நீங்கள் ஒருவர் மட்டும், உங்கள் திறமையை மட்டும் விற்கிறீர்கள்; கடன் இல்லை, ஊழியர் இல்லை, முன்பணம் வாங்கி வேலை செய்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளர், டிசைனர், டியூஷன் எடுப்பவர் போன்றவர்களின் நிலை இது. இங்கே வழக்கு வந்தால் அது உங்கள் சொந்த வேலையைப் பற்றித்தான் வரும். அதைக் கம்பெனியும் தடுக்காது. கம்பெனி பராமரிக்கும் காசில் ஒரு புரொஃபெஷனல் இன்டெம்னிட்டி பாலிசி (தொழில் தவறால் வரும் நஷ்ட ஈட்டுக்கான காப்பீடு) எடுத்தால் அதைவிடப் பயன்.

## பார்ட்னர்ஷிப்

எல்லா வடிவங்களிலும் இதுதான் அதிக ஆபத்து என்பது என் கருத்து. புரொப்ரைட்டர் தானும் தன் ஆட்களும் செய்யும் தவறுக்கு மட்டும் தன் சொத்தைப் பணயம் வைக்கிறார். பார்ட்னர் மற்ற பார்ட்னர்களின் தவறுக்கும் சேர்த்து வைக்கிறார். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் 25-வது பிரிவுப்படி, நிறுவனத்தின் செயல்களுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. நடைமுறையில் இதன் பொருள், உங்கள் பங்கு வெறும் 10 சதவீதமாக இருந்தாலும் முழுத் தொகையையும் உங்களிடமே வசூலிக்கலாம் என்பது. மற்றவர்களிடமிருந்து அவர்கள் பங்கை வாங்கிக்கொள்வது உங்கள் பாடு. வசதியான கூட்டாளி யாரோ அவரைத்தான் வழக்காளி குறிவைப்பார்.

விலகினாலும் விட்டுப்போகாது. விலகியதைச் சட்டப்படி பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும்: பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசிதழில் வர வேண்டும், உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றிலும் வர வேண்டும். இதைச் செய்யாமல் “நான் போன வருடமே விலகிவிட்டேன், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருக்கிறோம்” என்றால், அது உங்களுக்குள் செல்லும், வெளியாளிடம் செல்லாது. விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடனுக்கோ அறிவிப்புக் கொடுத்தும் பொறுப்பு நீங்காது, கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டால் ஒழிய.

இன்னொரு பக்கச் சிக்கல்: பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப் ஒப்பந்த பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட 69-வது பிரிவு தடை போடுகிறது. அவர்கள் உங்கள் மேல் போடலாம், நீங்கள் அவர்கள் மேல் போட முடியாது. பதிவு கட்டாயமில்லை என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். பாக்கி வசூலிக்க வேண்டிய நாள் வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

எல்எல்பி வந்த பிறகு புதிதாகப் பார்ட்னர்ஷிப் தொடங்க எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை. குடும்பத்துக்குள் சிறிய அளவில், கடன் வாங்காமல், ஒரே வீட்டுச் சொத்திலேயே நடக்கும் கடை என்றால் பரவாயில்லை. அங்கும் பதிவை விட்டுவிடாதீர்கள்.

## எல்எல்பி

2008-ம் ஆண்டு சட்டம். 2009 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பார்ட்னர்ஷிப்பின் எளிமையையும் கம்பெனியின் தனி அந்தஸ்தையும் சேர்க்கும் முயற்சி. 26-வது பிரிவு சொல்வது முக்கியம்: கூட்டாளி எல்எல்பியின் ஏஜென்ட்தான், மற்றக் கூட்டாளிகளின் ஏஜென்ட் இல்லை. பார்ட்னர்ஷிப்பின் பெரிய ஆபத்தை ஒரே வரியில் வெட்டிவிட்டது அது. 28-வது பிரிவு இன்னும் நேராகச் சொல்கிறது: உன் தவறுக்கு நீ பொறுப்பு, மற்றக் கூட்டாளியின் தவறுக்கு நீ பொறுப்பில்லை. மோசடி நோக்கத்தோடு செய்தால் மட்டும், செய்தவர்களுக்குப் பொறுப்பின் வரம்பு போய்விடும்.

நான்கு ஆடிட்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தையோ, மூன்று ஆர்க்கிடெக்டுகள் சேர்ந்திருப்பதையோ நினைத்துப் பாருங்கள். ஒருவர் செய்த பிழையால் மற்றவர்கள் வீடு போகக் கூடாது என்பதுதான் அவர்களின் முதல் தேவை. அதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

பராமரிப்பும் இலகு. வருடாந்தர அறிக்கை மே 30-க்குள், கணக்கறிக்கை அக்டோபர் 30-க்குள். விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினாலோ கூட்டாளிகளின் முதலீடு 25 லட்சத்தைத் தாண்டினாலோதான் இந்தச் சட்டப்படி தணிக்கை கட்டாயம். லாபத்தை எடுத்துக்கொள்வதும் சுலபம்: எல்எல்பி வரி கட்டிய பிறகு கூட்டாளி கையில் வரும் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை.

கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. இரண்டு பேரில் ஒருவர் இறந்தோ விலகியோ போய், மற்றவர் தனியாக ஆறு மாதத்துக்கு மேல் தெரிந்தே தொழிலை ஓட்டினால், அந்தக் காலத்தில் ஏற்படும் கடமைகளுக்கு அவர் சொந்தமாகப் பொறுப்பாகிறார். இரண்டே பேர் நடத்தும் எல்எல்பிகளில் இது நடக்கக்கூடியது. அடுத்த கூட்டாளி யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது நல்லது. வெளி முதலீட்டாளர்கள் எல்எல்பிக்குள் வர விரும்புவதில்லை என்பதும் உண்மை. கம்பெனி ஷேர் போன்ற பங்கு இதில் கிடையாது.

## ஓபிசி

ஒன் பெர்சன் கம்பெனி, அதாவது ஒரே ஆள் கம்பெனி. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தோடு வந்தது. முன்பு முதலீடு 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் பிரைவேட் லிமிடெட்டாக மாறியே தீர வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் இறந்தாலோ செயலிழந்தாலோ பொறுப்பேற்க ஒரு நாமினி வேண்டும். பேருக்கு இயக்குநர் தேட வேண்டியதில்லை என்பதே எனக்கு இதில் பிடித்த அம்சம்.

இதன் பலவீனம், கம்பெனியும் நீங்களும் ஒன்றாகக் கலந்துபோக எல்லா வாய்ப்பும் இருப்பது. கம்பெனிக் கணக்கிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் போகிறது, வாடிக்கையாளர் பணம் உங்கள் சேவிங்ஸ் அக்கவுன்டுக்கு ஜிபேயில் வருகிறது என்றால், நாளைக்கு வழக்கில் எதிர்த் தரப்பு அதைத்தான் எடுத்து வைக்கும். கம்பெனி வெறும் முகமூடி என்று காட்ட முடிந்தால் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும். எளிதில் செய்வதில்லை, ஆனால் செய்வதற்கான ஆதாரத்தை நாமே உருவாக்கிக் கொடுக்கக் கூடாது. உங்களுக்கும் உங்கள் ஓபிசிக்கும் நடுவே எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் நடந்தால் அதைக் கம்பெனியின் பதிவில் ஏற்ற வேண்டும் என்று 193-வது பிரிவு சொல்வதும் இதனால்தான். தணிக்கை இதற்கும் கட்டாயம்.

ஒரே முதலாளி, ஆனால் ஊழியர்கள், சைட் வேலை, பொருள் உற்பத்தி என்று விபத்துக்கு இடமுள்ள தொழில். அதற்கு இது சரியான இடம்.

## பிரைவேட் லிமிடெட்

குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர். பங்குக்குக் கட்டிய பணத்தோடு பங்குதாரரின் பொறுப்பு முடிகிறது. பத்து ஊழியர், குடோன், பல சப்ளையர், பொருளை வாங்கும் முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் என்று தொழில் விரிந்துவிட்டால் இதன் மதிப்பு தெரியும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் வரும் இழப்புக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் மூவரும் அதற்குள் வருவார்கள். அந்த வழக்கு கம்பெனி மேல் வந்து கம்பெனியோடு முடிய வேண்டும் என்றால் கம்பெனி இருக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. போர்டு கூட்டம், பொதுக்குழு, மினிட்ஸ் உண்டு. கணக்கறிக்கையும் ஆண்டறிக்கையும் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒரு வருடம் மறந்துவிட்டால் 73,000 ரூபாய், உச்சவரம்பு இல்லாமல். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள், மற்றக் கம்பெனிகளிலும் சேர்த்து. கம்பெனிப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோதான் வர வேண்டும். டிவிடெண்டுக்கு உங்கள் கையில் மறுபடி வரி.

மூடுவதும் லேசில்லை. பெயரை நீக்க விண்ணப்பிக்கும்போது, பின்னால் ஏதாவது பாக்கி கிளம்பினால் நாங்கள் கட்டுகிறோம் என்று இயக்குநர்கள் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் நீக்கப்பட்ட பிறகும் அவர்கள் பொறுப்பு தொடரும். “வேலை செய்யவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்” என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்எல்பிக்குச் சொன்ன ஆறு மாதக் கண்ணி இங்கும் இருக்கிறது: பங்குதாரர் எண்ணிக்கை இரண்டுக்குக் கீழே போய் ஆறு மாதம் தாண்டினால், தெரிந்தே தொடர்பவர் அந்தக் கடனுக்குப் பொறுப்பு.

## ஒரே பார்வையில்

| வழக்கு வரும் பக்கம் | புரொப்ரைட்டர் | பார்ட்னர்ஷிப் | எல்எல்பி | ஓபிசி / பிரைவேட் லிமிடெட் |
|---|---|---|---|---|
| சப்ளையர், வாடிக்கையாளர் பாக்கி | சொந்தச் சொத்து வரை | எல்லா கூட்டாளிகளின் சொத்து வரை | எல்எல்பியோடு நிற்கும் | கம்பெனியோடு நிற்கும் |
| ஊழியரால் நேர்ந்த விபத்து | சொந்தச் சொத்து வரை | எல்லா கூட்டாளிகளின் சொத்து வரை | பெரும்பாலும் எல்எல்பியோடு | பெரும்பாலும் கம்பெனியோடு |
| கூட்டாளியின் தவறு | கேள்வி எழாது | உங்கள் மேலும் வரும் | வராது | வராது |
| உங்கள் சொந்தத் தவறு | வரும் | வரும் | வரும் | வரும் |
| பெர்சனல் கியாரண்டி | கடனே உங்களுடையது | கடனே உங்களுடையது | வரும் | வரும் |
| செக் பவுன்ஸ் | வரும் | பொறுப்பானவர்கள் மேல் | பொறுப்பானவர்கள் மேல் | பொறுப்பானவர்கள் மேல் |
| வரி பாக்கி | வரும் | வரும் | வரலாம் | வரலாம் |
| பிறர் மேல் வழக்குப் போட | முடியும் | பதிவு செய்திருந்தால் | முடியும் | முடியும் |
| தணிக்கை, தாக்கல் சுமை | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## பதிந்த பிறகு தடுப்பைக் காப்பாற்றுவது

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவரோ, சென்னையில் கேட்டரிங் நடத்துபவரோ, லிமிடெட் என்று பதிந்த மறுநாளும் பழைய லெட்டர்பேடில் பழைய பெயரில் ஆர்டர் எடுத்தால், வழக்கில் “நான் அவரோடுதான் பேசினேன், கம்பெனி என்று சொல்லவே இல்லை” என்று எதிராளி சொல்ல இடமாகிவிடும். பில், லெட்டர்பேட், இமெயில், வாசல் பலகை எல்லாவற்றிலும் கம்பெனியின் முழுப் பெயர் வர வேண்டும். கையெழுத்துக்கு மேலே கம்பெனி பெயருக்காக என்றும், கீழே இயக்குநர் என்றும் எழுதிய பிறகே பேனாவை எடுங்கள்.

வண்டி விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. டெலிவரி வேன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் விபத்து வழக்கில் உரிமையாளர். தொழில் கம்பெனி பெயரில், ஆர்.சி. உங்கள் பெயரில் என்றால் வழக்கு உங்கள் மேல் வரும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தாலும், லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டது போன்ற மீறல் இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லிமிடெட் என்ற பதிவு உங்கள் வீட்டைக் காப்பாற்றும்; தொழிலைக் காப்பாற்றாது. ஒரு பெரிய நஷ்ட ஈட்டுத் தீர்ப்பு வந்தால் கம்பெனியின் மெஷின், ஸ்டாக், வங்கி இருப்பு எல்லாம் போய்விடும். அடிபட்டவருக்கு உரிய பணம் கிடைப்பதும் முக்கியம்தானே? வெறும் கம்பெனி மட்டும் இருந்து பாலிசி இல்லையென்றால், நீங்கள் தப்பிக்கிறீர்கள், அவர் வெறுங்கையோடு நிற்கிறார். உணவு, கட்டடம், மருந்து, குழந்தைகளுக்கான பொருள் என்று மனிதர் உடலுக்கு ஆபத்து வரக்கூடிய எந்தத் தொழிலிலும் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் கம்பெனியை மட்டும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

## ஏற்கெனவே தொழில் ஓடிக்கொண்டிருந்தால்

புரொப்ரைட்டர்ஷிப்பையோ பார்ட்னர்ஷிப்பையோ மாற்ற நினைப்பவர்களுக்கு: மாற்றம் முன்னோக்கித்தான் வேலை செய்யும். பார்ட்னர்ஷிப்பை எல்எல்பியாக மாற்றினால், மாற்றத்துக்கு முந்தைய கடனுக்குப் பழைய கூட்டாளிகள் சொந்தப் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. பன்னிரண்டு மாதம் வரை எல்லாக் கடிதங்களிலும், இது பார்ட்னர்ஷிப்பிலிருந்து மாறியது என்று குறிப்பிட வேண்டிய கட்டாயமும் உண்டு. ஆக, தொழில் நன்றாக ஓடும்போதே மாற்றுவதில்தான் பயன் இருக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு மாற்றுவதிலோ, வீட்டை மனைவி பேருக்கு எழுதுவதிலோ பயனில்லை. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த சொத்து மாற்றத்தைச் சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவின் கீழ் ரத்து செய்ய வைக்க முடியும். நீங்கள் சொத்தை அப்புறப்படுத்தப் பார்க்கிறீர்கள் என்று வழக்காளி காட்டிவிட்டால், தீர்ப்புக்கு முன்பே அதை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் ‘ஆர்டர் 38’ என்ற விதித் தொகுதி இடம் தருகிறது. நோட்டீஸ் கையில் இருக்கும் நிலையில் செய்யக்கூடிய உருப்படியான வேலை, கணக்கையும் ஒப்பந்தங்களையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்ப்பது. வணிகத் தகராறில் தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அவசரத் தடை கேட்காத பட்சத்தில், வழக்குப் போடும் முன் சமரசப் பேச்சு கட்டாயம். அதற்கான அழைப்பு வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். செலவு குறைவாகத் தகராறு தீர நல்ல வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.